பெயரில்லாப் பாடல்கள்

இசையைச் சேர்ப்பது எளிது. சேர்த்ததை ஒழுங்காக வைப்பதே அரிது. இசைத்தட்டும் ஒலிநாடாவும் வழங்கிய நாள்களில் அலமாரி நிறைந்தால் வீட்டார் கண்ணில் பட்டுவிடும். ஒட்டடை அடிக்கும் நாளிலாவது யாரேனும் அவற்றை எடுத்துத் துடைத்து அடுக்குவர். கணிப்பொறிக்குள் குவியும் பாடல்களோ எவர் கண்ணையும் உறுத்துவதில்லை. எம்பி3 வடிவில் ஐந்து நிமிடப் பாடல் ஒன்று ஏறத்தாழ 5 மெகாபைட் இடமே கொள்ளும். ஆகவேதான் 700 மெகாபைட் குறுந்தகடு ஒன்றில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை அடைத்து நடைபாதையில் விற்றார்கள். அது முறையான வணிகமன்று என்பது வேறு செய்தி. அத்தகைய தகடுகளில் வந்தவை, நண்பர்கள் படியெடுத்துத் தந்தவை, பழைய ஒலிநாடாக்களிலிருந்து மாற்றியவை என இருபது ஆண்டுகளில் எங்கள் இல்லத்தில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகள் சேர்ந்திருந்தன. இதற்குள் மூன்று கணிப்பொறிகள் மாறின. குவியலும் குறைவின்றிக் குடிபெயர்ந்து வந்தது.

சென்ற கோடையில் இவற்றை ஒழுங்குசெய்யக் குடும்பமாக அமர்ந்தோம். முதல் வேலையாக, உள்ளது உள்ளபடியே அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். அதன் பிறகே கோப்புகளில் கை வைத்தோம்.

ஒவ்வொரு பாடற்கோப்புக்கும் இரண்டு பெயர்கள் உண்டு என்பதைப் பலர் அறியார். திரையில் நாம் காணும் கோப்பின் பெயர் ஒன்று. கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டுள்ள குறிப்புச்சீட்டு மற்றொன்று. பாடல் ஒலிக்கும்போது கருவி காட்டுவது பெரும்பாலும் இந்த உட்சீட்டைத்தான். ஐடி3 எனப்படும் இம்முறை 1996இல் தோன்றியது. அதன் முதல் வடிவில் கோப்பின் கடைசியில் 128 பைட் மட்டுமே இக்குறிப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பாடலின் பெயருக்கு 30, பாடியவர் பெயருக்கு 30, தொகுப்பின் பெயருக்கு 30, ஆண்டுக்கு 4 என்று பங்கிட்டிருந்தார்கள். ஆங்கிலத்துக்கு இது ஒருவாறு போதும். இன்று பரவலாக வழங்கும் யூனிகோடு வடிவில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வேண்டும். புள்ளிக்கும் துணைக்காலுக்கும் கூடத் தனித்தனியே 3. அந்தக் கணக்கில் 'சௌந்தரராஜன்' என்ற ஒரு பெயருக்கே 33 பைட் ஆகிறது. அந்தப் பெருங்குரலோனுக்கு அச்சிறு கட்டத்தில் இடமில்லை! இசை வகைகளுக்கும் 80 பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலை வைத்திருந்தார்கள். அதில் போல்கா நடன இசைக்கு இடமுண்டு. கர்நாடக இசைக்கு இல்லை. 1998இல் வந்த அடுத்த பதிப்பு இந்த இடநெருக்கடியைத் தீர்த்து யூனிகோட்டையும் ஏற்றுக்கொண்டது. எனினும் எங்களிடம் இருந்த பழைய கோப்புகளில் பல, திஸ்கி, டாம், டாப் முதலிய பழைய குறியீட்டு முறைகளில் எழுதப்பட்டவை. இன்றைய கருவியில் அவை கொம்பும் கோடுமாகக் கிறுக்கலாகவே தெரிந்தன.

பெயர்க் குழப்பத்தைச் சொல்லி மாளாது. இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியோர் ஆளுக்கோர் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் எழுதியிருந்தமையால், கணிப்பொறி அவரை ஆறு பேராக எண்ணியிருந்தது. 'ஆயிரத்தில் ஒருவன்' என்ற உறைக்குள் 1965ஆம் ஆண்டு விசுவநாதன் - ராமமூர்த்தி இசையும் 2010ஆம் ஆண்டு ஜி. வி. பிரகாஷ்குமார் இசையும் தோளோடு தோள் நின்றன. 'பில்லா' படத்திலும் இதே கதை. ஒன்று 1980, மற்றொன்று 2007. எனவே திரைப்படத்தின் பெயருக்கு முன்னே ஆண்டை எழுதுவது என்று விதி செய்தோம். அதனால் உறைகள் தாமாகவே கால வரிசையில் நின்றுகொண்டன.

கலைஞர் என்று ஒரே கட்டம் கொடுத்தால் அதில் யாரை எழுதுவது? திரைப்பாடலை இசையமைப்பாளரின் பெயரால் தேடும் வழக்கமும் நம்மவர்க்கு உண்டு. பாடியவர் பெயரால் தேடும் வழக்கமும் உண்டு. மேனாட்டார் அமைத்த கட்டங்கள் இதை எண்ணிச் செய்யப்பட்டவையல்ல. பாடியவரைக் கலைஞர் கட்டத்திலும், இசையமைப்பாளரை அவருக்குரிய தனிக் கட்டத்திலும், படத்தைத் தொகுப்பின் கட்டத்திலும் எழுதினோம். கர்நாடக இசையில் பாடகர் பெயர் மட்டும் போதாது. தியாகராசரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளுள் ஸ்ரீ ராகத்தில் அமைந்தது மட்டும் எங்களிடம் ஏழு பேர் குரலில் இருந்தது. ராகத்தையும் தாளத்தையும் குறிப்புக் கட்டத்தில் சேர்த்த பின்னரே அவற்றைத் தேடி எடுக்க முடிந்தது. சீட்டை மாற்றி எழுதுவதால் பாடலின் ஒலி சிறிதும் கெடாது. எம்பி3 கோப்பை மீண்டும் சுருக்கி வேறு கோப்பாக மாற்றுவதே ஒலியைத் தேய்க்கும்.

இவ்வளவையும் கையால் எழுதத் தேவையில்லை. மியூசிக்பிரெய்ன்ஸ் என்னும் பொதுத் தரவுத்தளமும், அதனோடு இயங்கும் பிக்கார்டு என்னும் இலவச மென்பொருளும் உள்ளன. மனிதனின் கைரேகை போன்று பாடலின் ஒலியிலிருந்து ஓர் அடையாளத்தைக் கணித்து, ஏற்கெனவே பதிவானவற்றோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லும். புகழ்பெற்ற பாடல்களில் அது காட்டிய திறமை எங்களை வியப்பில் ஆழ்த்தியது. இரண்டு மாலைகளில் பல நூறு பாடல்களுக்குப் பெயர் கிடைத்தது.

ஆனால் அறுபத்து மூன்று கோப்புகளுக்கு அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவை எண்பதுகளில் எங்கள் ஊரில் சிறு பதிவுக்கருவி ஒன்றில் பதிந்த ஒலிநாடாக்கள். நாற்று நடும் பெண்களின் பாட்டு, அப்பாயியின் தாலாட்டு, துக்க வீட்டு ஒப்பாரி, திண்ணைப் பேச்சின் நடுவே யாரோ முணுமுணுத்த பழம்பாட்டு. மாற்றித் தந்த கடைக்காரர் எல்லாவற்றுக்கும் 'டிராக் 01', 'டிராக் 02' என்றே பெயரிட்டிருந்தார். அறுபது நிமிட நாடாவின் ஒரு பக்கம் முப்பது நிமிடம். எனவே பல கோப்புகள் ஒரே பெயரோடும் ஒரே நீளத்தோடும் இருந்தன. பெயரையும் நீளத்தையும் பார்த்து இரட்டைப் பிரதிகளைக் களையும் மென்பொருள் ஒன்று, இவற்றுள் பதினெட்டை வேண்டாதவை எனச் சிவப்பில் குறித்துக் காட்டியது! கேட்டுப் பாராமல் எதையும் அழிக்கக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்திருந்ததால் அவை பிழைத்தன. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வயலில் நின்று பாடிய பெண்களின் குரல் வேறெந்தக் கடையிலும் கிடைக்காது. திரைப்பாடல்கள் அழிந்தாலும் மறுநாளே வேறிடத்தில் பெறலாம்.

அன்றே வேலையின் வரிசையை மாற்றினோம். பெயர்பெற்ற பாடல்கள் காத்திருக்கட்டும் என்று ஒதுக்கிவிட்டு, பெயரில்லாதவற்றை முதலில் எடுத்துக்கொண்டோம். அக்குரல்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இன்று இருவரே. பெரிய அத்தைக்கு எண்பத்தாறு வயது. சின்ன அத்தைக்கு எழுபத்தொன்பது. ஞாயிறு பிற்பகல்களில் இருவரையும் அழைத்து வந்து கூடத்தில் அமர்த்தி, ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டோம். பாடுபவர் யார், எந்த வயல், எந்த ஆண்டு என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பேத்தி தட்டச்சு செய்தாள். சில நாள்களில் இரண்டு கோப்புகளுக்கு மேல் நகரவில்லை. ஒரு பாட்டு ஒலித்தால் அதைப் பாடியவளின் திருமணம், அவள் பிள்ளைகள், பிரிந்துபோன பாகம், விற்றுப்போன நிலம் என்று பேச்சு நீண்டுவிடும். அதைத் தடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அப்பேச்சையும் கைபேசியில் பதிந்து அந்தந்தப் பாட்டோடு சேர்த்து வைத்தோம். இவ்வாறு ஐம்பத்தெட்டுக் கோப்புகளுக்குப் பெயர் கிடைத்தது. நாடாக்களையும் எறியவில்லை, மாற்றிய கடையில் ஒலி சற்றே மங்கியிருப்பதால், நல்ல கருவி கிடைத்தால் மீண்டும் ஒருமுறை மாற்ற எண்ணம்.

தாலாட்டு ஒன்றில் மட்டும் அத்தைமார் இருவரும் உடன்படவில்லை. பாடுவது அப்பாயிதான் என்பது சின்ன அத்தையின் உறுதி. பெரிய அத்தையோ தலையை அசைத்து, "இது எங்க அம்மா இல்ல, சின்னம்மா. அம்மாவுக்கு இழுப்பு இவ்வளவு நீளாது" என்றார். மூன்று ஞாயிறுகள் கேட்டும் முடிவு ஏற்படவில்லை. ஆகவே இரண்டு பெயர்களையும் எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி இட முனைந்தோம். விண்டோசு கணிப்பொறி கோப்பின் பெயரில் கேள்விக்குறியை ஏற்பதில்லை, உட்சீட்டு ஏற்கும். அங்கே இட்டிருக்கிறோம்.