செய்மதிக்குத் தெரியாத தெரு

போன கிழமை தரம் 9 பிள்ளைகளுக்குச் செய்மதிப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தோம். யாழ்ப்பாணக் கோட்டையையும் பண்ணைப் பாலத்தையும் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு பிள்ளை கேட்டது: “டீச்சர், முந்தி உம்மம்மாட வீடு சோனகத்தெருவில இருந்ததாம். தொண்ணூறாம் ஆண்டுப் படத்தில அது தெரியுமா?”

உள்ளதைச் சொன்னோம். அப்போது மேலே சுற்றிய செய்மதிகளில் ஒன்று, 1984இல் ஏவிய லேண்ட்சாட் 5. உயரம் 705 கிலோமீற்றர். அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம். நெருக்கமாக நின்ற இரண்டு மூன்று வீடுகள் ஒரே புள்ளிக்குள் போய்விடும். அதே இடத்துக்கு மேலே திரும்பி வர அதற்கு 16 நாள் வேண்டும்.

1990 ஒக்டோபர் 30இல் எங்கட சனத்துக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம்.

2015இல் ஐரோப்பா ஏவிய ‘சென்டினல் 2’ செய்மதி 10 மீற்றர் வரை பிரித்துக் காட்டும். ஆனால் அது காட்டுவது இன்றைய நிலத்தை. கிணறு யாருடைய வளவில் இருந்தது, நோன்புக் கஞ்சி எந்தப் படலையால் வந்தது என்பதெல்லாம் இங்கேயும் புத்தளத்திலும் இருக்கிற மூத்தவர்களின் நினைவில்தான். அவர்களும் ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள்.

அதனால் ஒரு வீட்டுவேலை கொடுத்தோம்: மூத்தவர்களிடம் கேட்டுப் பழைய தெருவைக் கீறி வாருங்கள்.

அந்தப் பிள்ளையின் தாளில் ஒன்பது வீடு, ஒரு கிணறு, இரண்டு முருங்கை. ஒரு வீட்டில் மட்டும் கேள்விக்குறி.

“அது யாரென்று உம்மம்மாவுக்கு மறந்துபோச்சு, டீச்சர்.”

உங்கள் வீட்டிலும் கேளுங்கள். இன்றைக்கே எழுதி வையுங்கள்.