வலது கைப் பக்கம் மேற்கு

முதல் தடவை டெல்லியிலிருந்து காத்மாண்டுவுக்குப் போனபோது ஜன்னல் இருக்கைக்கென்று தனியாகப் பணம் கட்டினேன். நவம்பர் மாதம், வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பயணம் முழுக்க நான் பார்த்தது கங்கைச் சமவெளியின் வயல்களையும் அவற்றின்மேல் படிந்திருந்த புகைமூட்டத்தையும்தான். நடைவழிக்கு அந்தப்புறம் இருந்தவர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தவுளகிரி (8,167 மீட்டர்), அன்னபூர்ணா (8,091), மனாஸ்லு (8,163) மூன்றும் அந்தப் பக்கம் வரிசையாக நின்றிருந்தன. என் பக்கம் ஜன்னல் இருந்தது, மலை இல்லை.

ஊருக்கு வந்ததும் மாமாவிடம் சொன்னேன். அம்மாவின் அண்ணன். ராமநாதபுரம் மாவட்டத்தில் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர். அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனாலும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "டிக்கெட் போடுறதுக்கு முந்தி மேப்பைப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. ஜன்னல் கிடைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

பழைய பள்ளிக்கூட இந்திய வரைபடம் ஒன்றை எடுத்து வந்து கூடத்தில் விரித்தார். அதன் வடக்கு, வீட்டின் வடக்கோடு பொருந்தும்வரை தாளை நகர்த்திக்கொண்டே இருந்தார். புலப்படத்தை வயலில் விரிக்கும்போது செய்கிற அதே வேலை. பிறகு என்னைச் சென்னையின்மேல் உட்காரச் சொன்னார்.

"கொழும்புக்குப் போறே. அந்தப் பக்கம் பார்த்து உட்காரு."

தெற்கே பார்த்து உட்கார்ந்தேன்.

"ராமேஸ்வரம் எந்தக் கைப் பக்கம் இருக்கு?"

வலது கைப் பக்கம். தாளைச் சுவரில் மாட்டிப் பார்த்தால் அது இடது பக்கம் இருக்கும். வரைபடம் பார்த்தும் தப்பான இருக்கை எடுக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். "தாளைத் திருப்பாதே, நீ திரும்பு" என்றார் மாமா. நான் கற்ற முதல் பாடம் அது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

விமானத்தின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்தால் இடது ஓரம் ஏ. பக்கத்துக்கு மூன்று இருக்கை உள்ள விமானங்களில் வலது ஓரம் எஃப். டெல்லியிலிருந்து காத்மாண்டுவுக்குக் கிழக்கே போகிறோம், வடக்கு இடது கைக்கு வரும், எனவே ஏ. திரும்பும்போது எஃப். இவ்வளவுதான், ஆனால் இமயம் முழுவதும் இந்த ஓர் எழுத்தில் அடங்கியிருக்கிறது.

அடுத்தது வெயில். நிலம் அளக்கும் தியோடலைட்டில் கண்வைத்துப் பழகியவருக்கு அது கைவந்த பாடம். "வெயில் உன் முதுகுல விழணும், நீ பாக்குற பொருளோட முகத்துல விழணும்." தெற்கே போகும்போது மேற்கைப் பார்க்க வேண்டுமென்றால் காலை விமானம்தான். மாலையில் அதே ஜன்னலில் சூரியன் நேரே கண்ணில் குத்தும், கரையெல்லாம் வெளிறிப்போகும். லே போகும் விமானங்களுக்கும் இதே கணக்கு. பிற்பகலில் அங்கே காற்று வலுத்துவிடும் என்பதால் பெரும்பாலும் காலையில்தான் பறக்கின்றன. டெல்லியிலிருந்து வடக்கே போகும் அந்த வழியில் இடது பக்கம் உட்கார்ந்தால் நுன் (7,135 மீட்டர்), குன் (7,077) சிகரங்களின் கிழக்கு முகம் வெளிச்சத்தில் தெரியும்.

மாமா சொல்லித்தர முடியாதவற்றை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். நடு வரிசைகளில் இறக்கை தரையை மறைத்துவிடும். ஏ320 போன்ற விமானத்தில் ஏறத்தாழ 10 முதல் 20 வரையிலான வரிசைகளை விட்டுவிட வேண்டும். இறக்கைக்குப் பின்னால் போனால் எஞ்சினின் சூடான புகை வழியாகத்தான் கீழே பார்க்கிறோம். அடுப்புக்கு மேலே தெரிவதுபோல எல்லாம் நெளியும். ஆகவே முன்வரிசைதான் என் முடிவு. போயிங் 737-இல் இறக்கைக்குச் சற்று முன்னால், ஏசி காற்றுக் குழாய் சுவருக்குள் ஏறுகிற இடத்தில், ஜன்னலே இருக்காது. ஜன்னல் இருக்கை என்று விற்பார்கள், வெறும் சுவர் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்பு அந்த விமானத்தின் இருக்கைப் படத்தைப் பார்த்துவிடுவது நல்லது. கறுப்புச் சட்டை போட்டுப் போனால் கண்ணாடியில் நம் பிம்பம் அதிகம் விழாது.

விமானம் நேர்கோட்டில்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. ஃபிளைட்ரேடார்24 இணையதளத்தில் அதே எண்ணுள்ள விமானம் முந்தைய நாட்களில் போன பாதை கோடாகக் கிடைக்கும். அதை மாமாவிடம் காட்டியபோது வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஜனவரியில் அவரையும் அழைத்துக்கொண்டு கொழும்புக்குக் கிளம்பினேன். காலை விமானம், நான்காவது வரிசை, எஃப் அவருக்கு. வடகிழக்குப் பருவமழை முடிந்த சமயம். ஏரிகள் நிறைந்திருக்கும், வானமும் கழுவிவிட்டதுபோல் இருக்கும் என்பதற்காகவே அந்த மாதம். அந்தப் பருவத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் சென்னையில் பெரும்பாலும் கடலை நோக்கித்தான் மேலேறுவார்கள். பிறகு தெற்கே திரும்ப விமானம் வலப்புறம் சாயும். அப்போது வலது ஜன்னலில் நகரமே சரிந்து நம் பக்கம் வரும்.

அதன்பின் கரை. மாமல்லபுரம், பாலாற்று முகத்துவாரம், கடலூர். மாமா விரலால் ஜன்னலில் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். பிச்சாவரத்தின் கரும்பச்சைத் திட்டு, அதை ஒட்டிக் கொள்ளிடம் கடலில் கலக்கும் செம்மண் நிறம், தூரத்தில் நீளவாக்கில் வீராணம். காவிரியின் கிளைகள் நெல்வயல்களுக்குள் பிரிந்து மெலிந்து போவதை நான் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அது உண்மை என்று அன்றைக்குத்தான் கண்ணால் நம்பினேன். கோடியக்கரையில் நிலம் மேற்கே வெடுக்கென்று திரும்பியது. பிறகு பாக் நீரிணை, யாழ்ப்பாணத்துத் தீவுகள், தனியே ஒதுங்கி நெடுந்தீவு. மன்னார்த் தீவு வந்ததும் அதன் முனையிலிருந்து மேற்கே மணல் திட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, இளம்பச்சைத் தண்ணீரில் மங்கலாகத் தெரிந்தன. அந்தக் கோட்டின் மறுகோடியில் வெளுப்பாக ஒரு கீற்று.

"தனுஷ்கோடி" என்றார். 1964 டிசம்பர் புயல் அழித்த ஊர். வேலைக்காக அந்த மணலில் பலமுறை நடந்தவர். "இத்தனை வருஷம் காலால அளந்தேன். இப்பத்தான் முழுசாப் பாக்குறேன்" என்றார். ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்வரை நானும் எதுவும் கேட்கவில்லை.

சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களே, ஜனவரியில் காலை விமானத்தில், இறக்கைக்கு முன்னால், எஃப் கேளுங்கள். வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் அந்த இருக்கையை அவருக்குக் கொடுங்கள்.