ஏலமலைக்கு ஒரு வண்டி

போடியில பொறந்தவன் மலைப்பாதைக்கு எந்த பைக் வாங்கலாம்னு மூணு மாசமா யோசிக்கிறான்னு சொன்னா ஊருக்குள்ள சிரிப்பாங்க. அங்க ரெண்டு மூட்டை உரத்தை டிவிஎஸ் எக்ஸ்எல்ல வச்சு அசால்ட்டா ஏறிப் போறாங்க. நம்ம கேஸ் வேற மக்களே. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து உக்காந்து முதுகு வளைஞ்ச ஆளு, சென்னையில ஓட்டுறது ஸ்கூட்டர், உயரம் 5 அடி 5 அங்குலம், கையில இருக்குறது மொத்தமா 1,20,000 ரூபாய். இதுக்குள்ள வண்டி, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் அடங்கணும். கடன் வாங்கக் கூடாதுன்னு வீட்டுல கண்டிஷன். (ஏற்கனவே ஒரு ஹோம் லோன் மென்னியைப் பிடிச்சுட்டு இருக்கு.)

சும்மா ஊர் சுத்த இல்ல. போடிமெட்டு தாண்டி பூப்பாறை போற ரோட்டுல இருந்து விலகி உள்ள போனா எங்களுக்கு மூணு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கு. கடைசி 4 கிலோமீட்டர் ரோடுன்னு பேருதான், கல்லும் சகதியும். இத்தனை வருஷமா அப்பா காலைல ஆறு மணிக்கு வேலையாட்கள் போற ஜீப்புல தொத்திக்கிட்டுப் போய், அந்த 4 கிலோமீட்டரை நடந்து கடந்துட்டு இருந்தார். போன வருஷம் மூட்டு ஆபரேஷன் ஆச்சு. இனி நடக்க முடியாது. நான் மாசத்துக்கு ரெண்டு தடவையாவது போய்ப் பாத்தா தோட்டம் இருக்கும், இல்லைன்னா குத்தகைக்கு விட்டுடலாம்னு சொல்லிட்டார். அவர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பாக்கல, அதுதான் உறுத்துச்சு. 2023 ஜூன்ல போடி வரைக்கும் ரயில் வந்ததால வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில ஏறினா சனிக்கிழமை காலைல வீடு. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவுலதான் சிக்கல்.

நெட்டுல தேடினா எல்லாரும் முதல்ல பேசுறது சிசி. 200 பத்தாது, 400 வேணும், 450 இருந்தா இன்னும் நல்லதுன்னு ஆளாளுக்கு அடிச்சு விடுறாங்க. லடாக் போறவனுக்கு அது சரியா இருக்கலாம். ஏலக்காட்டுல வேகம் 15ஐத் தாண்டாது. அங்க கேக்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான்: சரிவுல வண்டி விழுந்தா, பக்கத்துல யாரும் இல்லாதப்ப, நீ தனியா தூக்க முடியுமா?

முடியாதுன்னா அந்த வண்டி எவ்வளவு நல்ல வண்டியா இருந்தாலும் உனக்கு ஆகாது. அங்க பல இடத்துல சிக்னல் கிடையாது. மழைக்காலத்துல நாலு மணிக்கே இருட்டுக் கட்டிடும். சின்னக்கானல், சாந்தன்பாறை பக்கம் யானை நடமாட்டம் வேற. 2023ல பிடிச்சு இடம் மாத்தின அரிக்கொம்பன் இந்த ஏரியாவுல சுத்தினவன்தான். அவன் போயிட்டான், அவன் சொந்தக்காரங்க அங்கேயேதான் இருக்காங்க. 190 கிலோ வண்டிக்கு அடியில காலைக் குடுத்துட்டு அவங்களுக்காகக் காத்திருக்க எனக்கு விருப்பம் இல்ல.

இந்த மலையில எப்பவுமே எடைதான் பிரச்சினை. நூறு வருஷத்துக்கு முன்னாடி மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷன் வரைக்கும் குட்டி ரயில்ல கொண்டு வந்து, அங்க இருந்து ரோப்வேல கோட்டகுடிக்கு இறக்கி, அப்புறம்தான் போடிக்குக் கொண்டு வந்தாங்க. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடிச்சுட்டுப் போயிடுச்சு. வெள்ளைக்காரனே பாரத்தைக் கயித்துல கட்டித் தொங்க விட்டுத்தான் இந்தச் சரிவுல இறக்கினான். நாம 200 கிலோ இரும்பை ரெண்டு சக்கரத்துல ஏத்தணும்னு ஏன் அடம் பிடிக்கணும்?

சரி, லிஸ்ட்டுக்கு வருவோம்.

1. டிவிஎஸ் எக்ஸ்எல் 100. எடை 90 கிலோவுக்குள்ள. விழுந்தா ஒரு கையில தூக்கலாம். ஸ்பேர் எந்தப் பெட்டிக்கடை ஊர்லயும் கிடைக்கும். கியர் இல்லாததால ஓட்டத் தெரியாதவனும் ஓட்டலாம். ஆனா சக்கரம் 16 அங்குலம், ஜீப் டயர் போட்ட பள்ளத்துல இறங்குச்சுன்னா ஏறாது. போடியில இருந்து மெட்டு வரைக்கும் 25 கிலோமீட்டர் போல கொண்டை ஊசி வளைவுகள்ல, பின்னாடி லாரி ஹாரன் அடிக்க அடிக்க அதுல போறது நமக்கு ஒத்து வராது. தோட்டத்துக்குள்ளயே வச்சு ஓட்ட இதை விட நல்ல வண்டி இல்ல, சத்தியமா.

2. யமஹா ஆர்எக்ஸ் 100. பேரைக் கேட்டாலே மெக்கானிக்குங்களுக்குக் கண்ணு கலங்கும். சுமார் 100 கிலோ, 11 குதிரை. ஆனா 1996லயே நிறுத்திட்டாங்க. நல்ல கண்டிஷன்ல இருக்குறதுக்கு புது பைக் விலை சொல்றாங்க. இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க: டூ ஸ்ட்ரோக்ல எஞ்சின் பிரேக்கிங் ரொம்பக் கம்மி. ஏறுறதுக்கு ஜாலி, இறங்கும்போது முழு பாரமும் அந்த டிரம் பிரேக் மேலதான். ஈரச் சரிவுல எனக்கு அந்த தைரியம் இல்ல.

3. ஹீரோ இம்பல்ஸ். 2011ல வந்த 150 சிசி வண்டி. எடை, உயரம் எல்லாம் ஏறக்குறைய எனக்காகவே செஞ்ச மாதிரி. சீக்கிரமே நிறுத்திட்டதால பாடி பார்ட்ஸ் கிடைக்கிறது குதிரைக் கொம்பு.

4. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. 2016ல வந்தது. சீட் உயரம் 800 மில்லிமீட்டர்தான், எனக்குக் கால் நல்லாவே எட்டுது. செகண்ட் ஹேண்ட்ல பட்ஜெட்டை ஒட்டி வருது. ஆனா 190 கிலோவுக்கு மேல. ரோட்டுல ராஜா. சகதியில ராஜாவைத் தூக்க நாலு சேவகர்கள் வேணும்.

5. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. 2019ல வந்தது. 154 கிலோ. முன்னாடி 21 அங்குலம், பின்னாடி 18, ரெண்டும் ஸ்போக்ஸ். கிரவுண்ட் கிளியரன்ஸ் 220 மில்லிமீட்டர். ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும், அதனால கல்லு இறக்கத்துல பின் சக்கரத்தை நம்ம இஷ்டத்துக்கு லாக் பண்ணிக்கலாம்.

இதுக்கு அப்புறம் வந்த எக்ஸ்பல்ஸ் 210, கவாசாகி கேஎல்எக்ஸ் 230 எல்லாம் அருமையான வண்டிங்கதான். என் பட்ஜெட்டுக்கு அதையெல்லாம் போஸ்டரா சுவத்துல ஒட்டிக்கலாம் :)

பெரிய முன் சக்கரம்னா கல்லு மேல ஏறிடும்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பாத்தேன் (இஞ்சினியரிங் படிச்சதுக்கு ஒரு நாளாவது உதவட்டுமே). டயரோட சேத்து 21 அங்குல சக்கரம் சுமார் 70 சென்டிமீட்டர் விட்டம். சாதாரண 18 அங்குல சக்கரம் சுமார் 60. பத்து சென்டிமீட்டர் கல்லை முட்டும்போது ஏற வேண்டிய கோணம் முதலாவதுக்கு 44 டிகிரி, ரெண்டாவதுக்கு 48 டிகிரி. வித்தியாசம் நாலே நாலு டிகிரி! உதவிதான், ஆனா மந்திரம் இல்ல. உண்மையான வேலையைச் செய்யுறது முன் ஃபோர்க்கோட 190 மில்லிமீட்டர் ஆட்டம். கல்லை சக்கரம் வாங்கிக்கும், நம்ம கைக்கு வராது. ஸ்போக்ஸ் ரிம்முக்கும் அதே கதைதான்: அடி பட்டா பெரும்பாலும் வளையும், தட்டி நிமுத்திக்கலாம். அலாய் வீல் விரிஞ்சா கதை முடிஞ்சுது.

இன்னொரு கணக்கு. 1,500 மீட்டர் உயரத்துல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறத்தாழ 14 சதவீதம் கம்மி. எஞ்சின் பவரும் கிட்டத்தட்ட அந்த அளவு இறங்கும். கார்ப்ரேட்டர் வண்டின்னா காத்து குறைஞ்சாலும் பெட்ரோல் அதே அளவுல போயி கருப்புப் புகை கக்கும். எஃப்ஐ அதைத் தானே சரி பண்ணிக்கும், ஆனா போன பவர் போனதுதான். அதனால எஃப்ஐ மாடல்தான்னு முடிவு பண்ணேன். ஏற்றத்துல இழுவை பத்தலைன்னா முன் ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல்லைக் குறைச்சாப் போதும், ஏழு எட்டு சதவீதம் கூடுதல் இழுவை கிடைக்கும். செலவு சில நூறு ரூபாய். அதுக்காக 400 சிசி வாங்க வேண்டியதில்ல.

தேனியில ஒருத்தர்கிட்ட 19,000 கிலோமீட்டர் ஓடின எக்ஸ்பல்ஸ் இருந்துச்சு. டிஎன் 60 நம்பர். (இடுக்கி பக்கம் இன்னும் விலை கம்மியா கிடைச்சுது. ஆனா கேரளா நம்பரை இங்க மாத்த என்ஓசி, வரின்னு அலையணும், மிச்சம் பிடிச்ச காசு அதுலயே போயிடும்.) மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டுப் போனேன். அவர் வண்டியை ஸ்டார்ட்கூட பண்ணல. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில் பாரை மெதுவா திருப்பி கோன் செட் சிக்குதான்னு பாத்தார். ஃபோர்க் சீல்ல எண்ணெய்க் கசிவு, ஸ்போக்ஸை ஒவ்வொண்ணா தட்டி சத்தம், எஞ்சினுக்கு அடியில கல்லடி, செயின்ல ஆட்டம். கோன் செட்டும் செயினும் போச்சு, மத்ததெல்லாம் ஓகேன்னு சொன்னார்.

அப்புறம் நான், "அண்ணே, வண்டியைக் கீழ சாய்ச்சுக்கலாமா?"ன்னு கேட்டேன். ஓனர் என்னை ஒரு மாதிரி பாத்தார். அவர் வீட்டுக்குப் பின்னாடி ஒரு மண்மேடு, அதுல சாக்கை விரிச்சு ஹேண்டில் பார் பள்ளத்தைப் பாக்குற மாதிரி படுக்க வச்சேன். முதல் தடவை அசையல. வண்டியைத் தரையோட தரையா அரை வட்டம் இழுத்துத் திருப்பி, சக்கரம் பள்ளத்துப் பக்கம் வந்ததும், முதுகை சீட்டுல குடுத்து காலால தள்ளினேன். எந்திரிச்சுடுச்சு. ரெண்டாவது தடவை இன்னும் சுளுவா வந்துச்சு. மூணாவது தடவை பண்ணும்போது ஓனரே சாக்கைப் பிடிச்சார், விலையில மூவாயிரமும் குறைச்சார். பையன் வாங்காம விட மாட்டான்னு தெரிஞ்சுடுச்சு போல.

கணக்கு இதுதான்: வண்டி 82,000. பேர் மாத்தம், இன்சூரன்ஸ் 5,000. கோன் செட், செயின் செட், கூலி 6,000. பட்டன் டயர் ரெண்டும் 8,000. ஹெல்மெட், கணுக்கால் மூடுற பூட்ஸ், முட்டி கார்டு 13,000. மீதி 6,000ல ரெண்டு ட்யூப், பம்ப், பஞ்சர் சாமான், ஒரு செட் லீவர். 21 அங்குல ட்யூப் மலையில எந்தக் கடையிலயும் இருக்காது, கூடவே எடுத்துட்டுத்தான் போகணும். பட்ஜெட் இறுக்கமா இருந்தா வண்டியில குறைங்க, பூட்ஸ்ல குறைக்காதீங்க.

ஒரு விஷயம் கட்டாயம் சொல்லணும். மலை வண்டி வாங்கியாச்சுன்னா காடெல்லாம் நம்மது ஆயிடாது. குரங்கணி காட்டுத் தீயில 2018 மார்ச் 11 அன்னிக்கு மாட்டிக்கிட்டவங்கள்ல 23 பேர் செத்துப் போனாங்க. எங்க ஊர் ஆஸ்பத்திரி வாசல்ல அன்னிக்கு ராத்திரி நின்னவங்க இன்னும் அதைப் பத்தி சத்தமாப் பேச மாட்டாங்க. அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள வண்டியை விடுறது குற்றம், அது போக மழையில அரிக்கிற மண்ணை பட்டன் டயர் இன்னும் கிழிக்கும். ஜீப் போற பாதை, சொந்தத் தோட்டம், கேட்டு அனுமதிச்ச தோட்டம், இதுக்கு மேல வேணாம்.

இது வரைக்கும் ஆறு தடவை போயிட்டு வந்தாச்சு. ரெண்டு தடவை விழுந்தேன், ரெண்டு தடவையும் தனியாவே தூக்கினேன். அப்பா குத்தகைப் பேச்சை இன்னும் முழுசா விடல. ஆனா போன வாரம் போன்ல, அடுத்த எடுப்புக்கு ஆள் சொல்லட்டுமா, நீ அன்னிக்கு வருவியான்னு கேட்டார். வர்றேன்னு சொல்லியிருக்கேன்.