முடிச்சவிழ்த்த புளியோதரை!

கொடைக்கானல் போகிறவர்களுக்குப் பெருமாள்மலை என்றால் ஒரு டீ. பழநி ரோடு வந்து சேருகிற முக்கு; பஸ் நிற்கும், குளிர் ஆரம்பிக்கும், அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான். மிச்சமிருந்த புளியோதரையை பாலிதீன் பையில் இறுக்கி முடிச்சுப் போட்டு, பள்ளத்தைக் குறிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்கிட்டுக் குடுங்க தம்பி" என்றார் டீக்கடைப் பெரியவர். முடிச்சை அவிழ்த்து, கடைக்குப் பின்னாலிருந்த குப்பைக் குவியலில் சோற்றைக் கொட்டி, மேலே காய்ந்த சருகைத் தள்ளினார். பனிக்கு நடுவே அந்தக் குவியல் மட்டும் பீடி குடிக்கிற மாதிரி புகைந்துகொண்டிருந்தது!

"தீப்பிடிச்சிருக்கா ஐயா?"

"கைய விட்டுப் பாருங்க."

விட்டேன். ஓட்டலில் பில் வரும்போது கையை இழுத்துக்கொள்வேனே, அதைவிட வேகமாக இழுத்துக்கொண்டேன். அப்படி ஒரு சூடு!

அடுப்பு மூட்டியது யார்? பாக்டீரியாக்கள். காற்று கிடைத்தால் குப்பையைத் தின்றே சூடாக்கிவிடும். 40 டிகிரி தாண்டினால் முதல் கோஷ்டி அவுட். சூடு விரும்பிகள் டியூட்டிக்கு வரும். 60, 65 வரை கொண்டுபோகும். இந்தச் சூட்டில் நோய்க்கிருமிகள் காலி. ஆறிய பிறகு பூஞ்சைகளும் ஆக்டினோமைசீட்ஸும் சருகு, நார் சமாசாரங்களைக் கவனித்துக்கொள்ளும். மழை பெய்ததும் கிளம்புமே மண்வாசனை, அது இந்தக் கடைசி கோஷ்டியின் கைங்கரியம். குவியல் ஓர் ஆள் இடுப்புயரமாவது இருந்தால், மலைக்குளிர் வெளியே நிற்க வேண்டியதுதான்!

முடிச்சுப் போட்ட பைக்குள்ளே கதை வேறு. காற்றில்லாமல் வாழ்கிற கோஷ்டி மெதுவாகத் தின்னும். நாற்றம் வரும், மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்ஸைடைவிட 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. தீயும் பிடிக்கும். சென்னை பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரலில் எரிந்தபோது, அணைக்க நாள்கணக்கானது.

ஜப்பானில் ஃபுகுவோகாக்காரர்கள் 1970-களிலேயே இதற்கு வழி கண்டார்கள். குப்பைமேட்டுக்கு அடியில் ஓட்டை போட்ட பெரிய குழாய். கழிவுநீர் வடியும், உள்ளே இருக்கும் சூடு மேலே போக, குழாய் வழியாக வெளிக்காற்று தானாக உள்ளே வரும். மோட்டார் கிடையாது, கரண்ட் பில் கிடையாது!

பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறப்போனேன்.

"தம்பி!" என்று பின்னாலேயே வந்தார் பெரியவர். கையில் என் பாலிதீன் பை, கழுவி மடித்தபடி.

"இத அதுங்க திங்காது. நீங்களே கொண்டுபோயிருங்க."