இரு காலும் சமமான பொம்மை

பொம்மலாட்டத்தை முன்னிருந்து கண்டவர் பலர். திரைக்குப் பின்னின்று கண்டவர் சிலர். முன்னிருப்போர்க்குப் பொம்மை ஆடுவது மட்டும் தெரியும். பின்னிற்போர்க்கோ ஆட்டுவிப்பவரும் உடன் ஆடுவது தெரியும். தமிழக மரபில் ஆட்டுவிப்பவர் மணிமுடிபோல் ஓர் இரும்பு வளையத்தைத் தலையில் அணிந்திருப்பார். பொம்மையைத் தாங்கும் கயிறுகள் அவ்வளையத்தில் முடியப்பட்டிருக்கும். பொம்மையின் கைகளை இயக்கும் கம்பிகள் அவர் கைகளில், கால்களில் சலங்கை. மரத்தில் செதுக்கிய அப்பொம்மைகளுள் பெரியவை நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும் உள்ளவை. அத்தனை பாரத்தையும் தாங்கிக்கொண்டு அவர் சாய்ந்தால் பொம்மை சாய்கிறது; அவர் துள்ளினால் பொம்மை துள்ளுகிறது. ஆடுவது யார் என்று ஒரு குழந்தை கேட்குமாயின் ஒரே சொல்லில் விடையிறுத்தல் அரிது.

சென்ற கல்வியாண்டில் நம் பங்குப் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர் பன்னிருவர்க்குச் சனிக்கிழமைதோறும் நடனமும் படக்கதையும் கற்பிக்கத் தொடங்கியபோது, அந்த இரும்பு வளையத்தையே முதலில் அவர்களுக்கு விளக்கினோம். அவர்கள் கற்கவிருந்தது அவ்வளையத்தின் பேரப்பிள்ளை. ‘மோஷன் கேப்சர்’ என்று உலகம் வழங்கும் அதனை அசைவுப்பதிவு எனலாம். ஒருவர் ஆட, அவருடைய முகத்தையும் நிறத்தையும் உடையையும் விட்டுவிட்டு, மூட்டுகள் சென்ற வழியை மட்டும் கணினி குறித்துக்கொள்கிறது. அவ்வழியைத் திரையிலுள்ள ஓர் உருவத்துக்குத் தந்தால், அவர் ஆடியவாறே அவ்வுருவம் ஆடுகிறது. கயிறு இல்லை, வளையம் இல்லை, வேலை அதுவே.

பெரிய படப்பிடிப்பு நிலையங்களில் ஆடுபவரின் உடையெங்கும் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் பல கேமராக்களை நிறுத்தி இதனைச் செய்வர். சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கத்தில் 2014ஆம் ஆண்டு வெளிவந்த ‘கோச்சடையான்’ அசைவுப்பதிவால் உருவான படம் என்பதை வாசகர் அறிவர். நம் பள்ளியில் இருந்தவை ஒரு மடிக்கணினி, ஒரு சிறு கேமரா, வெள்ளையடித்த சுவர், சாளரத்து வெளிச்சம். ‘மீடியாபைப்’ என்னும் இலவச மென்பொருள் சாதாரண ஒளிப்பதிவிலிருந்தே உடலில் 33 புள்ளிகளைக் கண்டுகொள்கிறது. 2002 முதல் எவரும் விலையின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்ட ‘பிளெண்டர்’ என்னும் மென்பொருளில் அவற்றைப் பொம்மையின் மீது ஏற்றலாம். மின்கட்டணமும் தேநீரும் போக வேறு செலவில்லை.

கோயில் வளாகத்தில் சலங்கை ஒலி எதற்கு என்று முகம் சுளித்த பெரியவர் இருவர் இருந்தனர். அருள்திரு எஸ். எம். ஜார்ஜ் அடிகளார் திருச்சியில் கலைக்காவிரியை நிறுவியது 1977இல். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அதே கேள்விக்கு விடை சொல்லவேண்டியிருப்பது நமக்குச் சற்றே அலுப்பாக இருந்தது, எனினும் சொன்னோம். மாறாக, பெண்பிள்ளைகளை மேடையேற்ற என்றுமே இசையாத பெற்றோர் சிலர், திரையில் தெரியப்போவது பொம்மைதான் என்று அறிந்ததும் உடனே இசைந்தனர். இந்த இசைவை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

ஆடுபவர் மறைந்து ஆட்டம் மட்டும் எஞ்சும் விந்தை புதியதன்று. 1880களில் பாரிஸில் எத்தியேன்-ஜூல் மாரே என்னும் உடலியல் அறிஞர், கறுப்பு உடையின்மேல் கை கால் நெடுக வெள்ளைக் கோடுகள் இட்ட ஒருவரைக் கறுப்புப் பின்னணிக்கு முன்னே நடக்கச் செய்து, ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் படம் பிடித்தார். மனிதர் மறைந்தார், நடை கோடுகளாக வீழ்ந்தது. 1915இல் அமெரிக்காவின் மேக்ஸ் ஃபிளைஷர், ஒளிப்பதிவுச் சுருளின் ஒவ்வொரு கட்டத்தையும் கண்ணாடியில் வீழ்த்தி அதன்மேல் வரையும் கருவிக்குக் காப்புரிமை கோரினார். அவருடைய கூடம் 1932இல் கேப் கேலோவே என்னும் பாடகரின் ஆட்டத்தை வால்ரஸ் என்ற கடல்விலங்கின் பேயுருவுக்குத் தந்தது. வால்ட் டிஸ்னியின் 1937ஆம் ஆண்டுப் படத்தில் ‘ஸ்னோ ஒயிட்’ அசைவதெல்லாம், பின்னாளில் மார்ஜ் சாம்பியன் என்ற பெயரால் அறியப்பட்ட இளம் நடனமணி ஓவியர்கள்முன் அசைந்து காட்டியதை ஒட்டியே. 2006இல் வெளிவந்த ‘ஹேப்பி ஃபீட்’ படத்தில் பென்குவின் காலால் தாளமிட்டு ஆடுகிறதே, அந்தக் கால் சேவியன் குளோவருடையது. நம் மாணவர் பென்குவினை அறிந்திருந்தனர், குளோவரை அறியார். ஆகவே, நம் படத்தின் இறுதியில் வரும் பெயர்ப்பட்டியலில் ஒவ்வோர் அசைவையும் தந்தவர் பெயர் தனித்தனியே இடம்பெறும் என்று முதல் வகுப்பிலேயே முடிவாயிற்று.

பதிவு தொடங்குமுன் ஆடுபவர் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி அசையாது நிற்பது இத்தொழிலில் வழக்கம். மாணவர் அதற்குச் ‘சிலுவை நிலை’ என்று பெயரிட்டுவிட்டனர், நாம் தடுக்கவில்லை.

கும்மி எளிது என்று அதில் தொடங்கினோம். வட்டத்தில் சுற்றுபவர் முதுகைக் காட்டும்போது வலக்கையை இடக்கை என்று கணினி கொள்கிறது. குனிந்து கைதட்டும்போது ஒரு கை மற்றொன்றின் பின் மறைய, மறைந்த கையை அது தன் ஊகத்தால் எங்கோ வைக்கிறது. பொம்மையின் முழங்கை வயிற்றில் புகுந்து முதுகில் வெளிப்பட்டபோது வகுப்பு முழுவதும் சிரித்து ஓய்ந்தது. பாதங்கள் தரையில் ஊன்றாமல் பாசிபடிந்த படித்துறையில் நிற்பவைபோல் வழுக்கின. இவற்றை ஒவ்வொன்றாகத் திருத்துவதிலேயே ஐந்து சனிக்கிழமைகள் கழிந்தன. கணினி ஆசிரியரின் பொறுமை பெரிது.

விரல்கள் வேறொரு சிக்கலைத் தந்தன. 33 புள்ளிகளில் ஒரு கைக்கு விரலெனக் கிட்டுவன மூன்றே: பெருவிரல், சுட்டுவிரல், சிறுவிரல். அபிநய தர்ப்பணம் கூறும் ஒற்றைக்கை முத்திரைகளோ 28. பதாகத்தில் மோதிரவிரலை மடக்கினால் அது திரிபதாகம். கணினிக்கு மோதிரவிரல் என ஒன்று இருப்பதே தெரியாது. விரல்களுக்கெனத் தனியே 21 புள்ளிகளைக் காணும் கருவி உண்டு. ஆனால் முழு உடலும் தெரியும்படி தள்ளி நின்று ஆடும் சிறுமியின் விரல்கள் நம் சிறு கேமராவில் தெளியவில்லை. விழிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டா. திருச்சியில் பயின்றுவந்த நம் நடன ஆசிரியை முதலில் மனம் தளர்ந்தார். கண்ணும் கையும் போனபின் அபிநயத்தில் எஞ்சுவது என்ன? பின்னர் அவரே வழி கண்டார். முதுகால் கதை சொல்லுங்கள், நிற்கும் நேரத்தால் கதை சொல்லுங்கள், பாரத்தை எந்தக் காலில் தாங்குகிறீர்கள் என்பதால் சொல்லுங்கள் என்றார். நீர் நிறைந்த குடத்துக்கும் வெறுங்குடத்துக்கும் இடுப்பில் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் ஒரு பிற்பகல் முழுதும் நடந்து நடந்து தேடினர். இவ்வாண்டில் நாம் கண்ட வகுப்புகளுள் மிகச் சிறந்தது அதுவே என்போம்.

கதையை அவர்களே தேர்ந்தனர். 2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது அவர்கள் ஆறேழு வயதினர். டெல்டாவிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் பல இலட்சம் தென்னைகள் ஓரிரவில் வீழ்ந்தன. மறுநாள் காலையில் ஒரு பாட்டி தோப்புக்குள் சென்று, வீழ்ந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடந்து திரும்புகிறார், கதை அவ்வளவே. பேச்சில்லை. பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட படவரிசையாக அதனை அட்டையில் வரைந்தனர். எங்கே தொலைவிலிருந்து காட்டுவது, எங்கே கை மட்டும் தெரியவேண்டும், எந்த மரத்தருகே அதிக நேரம் நிற்பது என்பனவெல்லாம் சண்டையிட்டு முடிவானவை.

பாட்டியாக நடக்க ஒரு சிறுமி முன்வந்தாள். சிறுவயதில் முறிந்த கால் சரியாகக் கூடாமையால் அவளுக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. சாய்ந்து சாய்ந்து நடப்பாள். ஆண்டுவிழா நடனங்களில் அவள் பின்பாட்டுப் பாடியதுண்டு, ஆடியதில்லை. அவள் நடையைப் பதிந்து பாட்டியின் உருவத்தில் ஏற்றினர். அந்த உருவத்துக்கு இரு கால்களும் மயிரிழை வேறுபாடின்றிச் சமம். ஆயினும் திரையில் பாட்டி சாய்ந்து நடந்தார். இடுப்பு ஒருபுறம் இறங்கியது, தோள் அதனை ஈடுசெய்தது, முழங்கால் ஒரு கணம் தயங்கியது. குட்டைக் கால் எங்கும் இல்லை. அதனோடு ஏழெட்டு ஆண்டுகள் வாழ்ந்து அவ்வுடல் கற்றுக்கொண்டது மட்டும் இருந்தது. ஆன்மா உடலின் வடிவம் என்னும் புனித தாமஸ் அக்குவினாஸின் கூற்றைக் குருமடத்தில் தேர்வுக்காக மனனம் செய்தோம். வடிவம் என்பது வெளிக்கோடு அன்று என்று பேராசிரியர் பன்முறை உரைத்தும் பிடிபடாதது, அந்த மடிக்கணினியின் முன்னே சற்றுப் பிடிபட்டது.

கணினியை இயக்கிய மாணவன் நல்லவன். அவளுக்கு உதவுவதாக எண்ணி, நேராக விழுந்த ஓர் அடியை மட்டும் வெட்டியெடுத்து, அதனைக் கண்ணாடிப் பிம்பம்போல் மறுகாலுக்கும் புரட்டித் தந்து, மீண்டும் மீண்டும் அடுக்கினான். சில நிமிட வேலை. பாட்டி நிமிர்ந்து சீராக நடந்தார். “சரிபண்ணிட்டேன்” என்று மகிழ்ச்சியோடு காட்டினான். அச்சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. அதனைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பள்ளிப் பேருந்து புறப்படும் மணி அடித்தபின்பும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனத்தில் ஓடியதை ஊகிக்க நாம் துணியவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு இரண்டாகப் பிரிந்திருந்தது. உள்ளதை மாற்றுவது பொய் என்றனர் சிலர். ஊரார் சிரிப்பார்கள், சிரித்தால் அவள்தானே நோவாள் என்றனர் வேறு சிலர். இரண்டாவது கட்சியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஊரை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தனர். அவளோ அட்டையை எடுத்துவந்து ஏழாம் எட்டாம் கட்டங்களைச் சுட்டி, “சாமி, ரெண்டும் வேணும்” என்றாள். எம் பக்கத்தில் தென்னங்கன்றைப் பிள்ளை என்பதே வழக்கு. பாட்டி மணமாகி வந்த புதிதில் அந்தப் பிள்ளைகளை இடுப்பில் சுமந்துவந்து நட்டிருப்பாள் அல்லவா? அந்த நினைவு வரும் இரு கட்டங்களில் சீரான நடை. மற்றவற்றில் தன் நடை. வகுப்பு அடங்கிவிட்டது. கதைக்கு அதுவரை இல்லாத ஆழம் அப்போது வந்தது என்பதைச் சொல்லவேண்டும். நடன ஆசிரியை நம்மைத் திரும்பிப் பார்த்தார்.

படம் மூன்று நிமிடம். பன்னிருவரின் பெற்றோரை மட்டும் அழைத்து முதலில் காட்டினோம். பாட்டி தோப்புக்குள் மூன்றடி வைத்திருக்கமாட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்து நின்றுவிட்டார். முடிந்ததும் நம்மிடம் வந்தார். “சாமி, மூஞ்சி தெரியாதுன்னுதான் விட்டேன். நடக்கிறதைப் பாத்தாலே எம் பொண்ணுன்னு தெரியுதே.”

அவர் கூறியதற்கு அறிவியலின் சான்றும் உண்டு. சுவீடன் நாட்டு உளவியலார் குன்னர் யோஹான்சன் 1973இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டுகளில் சிறு விளக்குகளைப் பொருத்திய மனிதரை இருளில் நடக்கவிட்டுப் படம்பிடித்துக் காட்டினார். கண்டவர், அசையும் அப்புள்ளிகளைக் கண்ட கணத்திலேயே மனிதர் நடப்பதாக உணர்ந்தனர். 1977இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கட்டிங், லின் கோஸ்லோவ்ஸ்கி என்னும் இருவர் ஒருபடி மேலே சென்றனர். ஒருவரையொருவர் அறிந்த நண்பர்கள், ஒளிப்புள்ளிகளாக மட்டும் தெரிந்த நடையைக் கொண்டே இவர் இன்னார் என்று, குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேலான அளவில், இனம்கண்டனர். நண்பர்க்கே அது இயலுமாயின் பெற்றவளுக்குச் சில புள்ளிகள் எதற்கு? முகம் இல்லாவிடில் ஆள் இல்லை என்பது பிறந்தபோது மடியில் போட்டு வளர்த்தவரிடம் செல்லாது.

ஆண்டுவிழா மேடையில் ஊரறியத் திரையிடும்போது சீரான நடையையே படம் முழுதும் வைக்கவேண்டும் என்று தாய் கேட்டார். முடியாது என்றாள் மகள். நாம் இருவருக்கும் இடையே அமர்ந்திருந்தோம். பெண்ணைப் பார்க்க நாளை நாலுபேர் வருவார்கள், அவர்கள் காதுக்கு இது போகும் என்று அந்தத் தாய் அஞ்சியதை நாம் இகழமாட்டோம்; அந்த அச்சத்தை அவர் தாமாகப் படைக்கவில்லை. மகளுக்கு வயது பதின்மூன்று. பிள்ளையின் உருவத்தையோ அசைவையோ பெற்றோரின் இசைவின்றிப் பொதுவில் வைப்பதில்லை என்பது பள்ளியின் விதி. அதே வேளையில், அச்சிறுமியின் நடையை அவள் இசைவின்றி அழித்து அவள் பெயரால் காட்டவும் நமக்கு உரிமையில்லை என்றோம். தாய் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, அப்படியானால் காட்டவே வேண்டாம் என்றார். ஆண்டுவிழாவில் கும்மிப் பதிவு மட்டும் திரையிடப்பட்டது. முழங்கைகள் அதற்குள் இடத்துக்கு வந்திருந்தன, ஊரார் மகிழ்ந்தனர்.

தோப்புப் படம் பள்ளிக் கணினியில் இருக்கிறது. இறுதியில் வரும் பட்டியலில் மரங்களை வரைந்தவர் பெயர், காற்றொலி தந்தவர் பெயர், கணினியை இயக்கியவன் பெயர் எல்லாம் உள்ளன. ‘பாட்டியின் நடை’ என்ற சொற்களுக்கு எதிரே மட்டும் இடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. அதனை வேறெதுவும் எழுதி நிரப்பிவிட வேண்டாம் என்றும், அடுத்த ஆண்டு அம்மாவிடம் தானே மறுபடியும் கேட்பதாகவும் அவள் கணினி ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறாள்.