உலாவியில் வந்த தமிழ்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழிலேயே பயின்றேன். தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமானது. பல்கலைக்கழகத்தில் அதுவும் இல்லை. இன்று நான் தமிழ் வாசிப்பது பெரும்பாலும் உலாவியில்தான்.

மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும்: அன்று தளத்திற்கொரு எழுத்துருவைப் பதிவிறக்க வேண்டும், இல்லையேல் திரையில் புரியாத குறிகளே தெரியும். பின்னர் யூனிகோடு பரவியது. 2009 ஜூன் 30இல் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 3.5இல், பக்கமே எழுத்துருவைக் கொண்டுவரும் வசதியும் சேர்ந்தது.

இந்தப் பருவத்தில் என் குரோம் உலாவியின் பட்டியலையே தமிழுக்கு மாற்றினேன். ‘அமைப்புகள்’ என எழுத்துக்கூட்டி வாசித்த அறைத்தோழி, “ஏன் இவ்ளோ கஷ்டப்படுற?” என்றாள். பாடம் நின்ற பிறகு, தினமும் கண்ணில் படும் தமிழையும் இழக்க எனக்கு மனமில்லை.

தடையை நீக்க மென்பொருளால் முடியும், நண்பர்களே. வாசிக்க வேண்டியவர்கள் நாம்தான்.