புலோலியில் ஒரு நாற்சார் வீடு

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குப் பேருந்தில் ஏறினால், கோப்பாயும் நீர்வேலியும் வாழைத் தோட்டங்களோடு கடந்து போகும். ஆவரங்காலைத் தாண்டியதும் நிலம் திடீரென வெளிக்கும். அதுவே வல்லை வெளி. மரமோ வீடோ இன்றி, தொண்டைமானாற்று நீரேரியின் உப்புக் காற்று யன்னல் வழியே முகத்தில் அறையும். வழிப்பயணம் ஏறத்தாழ 33 கிலோமீற்றர்தான். ஆயினும் அந்த வெளியைக் கடக்கும்போது வேறொரு நாட்டுக்குள் புகுவதுபோன்ற உணர்ச்சி எனக்குச் சிறு வயது முதலே உண்டு. நெல்லியடி, மந்திகை என்று மீண்டும் பனைகளும் வேலிகளும் தோன்றும். அதற்கப்பால் எங்கள் ஊர் புலோலி, சதாவதானி நா. கதிரைவேற்பிள்ளை (1871–1907) பிறந்த ஊர் என்று மாணவருக்குச் சொல்லிக் கொள்வதில் எனக்கொரு சிறு பெருமை.

கடந்த ஆண்டு சித்திரை முதல் ஐப்பசி வரை, ஏறக்குறைய ஒவ்வொரு சனிக்கிழமையும் இவ்வழியே சென்றேன். பாட்டனார் கட்டிய வீட்டைத் திருத்துவதே காரியம்.

அது நாற்சார் வீடு. நடுவே வானம் பார்த்த முற்றம். அதனைச் சூழ நான்கு பக்கமும் சார்பிறக்கிய கூரை. கூரையின் கீழே விறாந்தையும் அறைகளும். வடகிழக்கு மூலையில் அடுக்களை. தெருவோரத்தில் வழிப்போக்கர் சற்று அமர்ந்து செல்லும்படி கூரை வேய்ந்த சங்கடப்படலை ஒன்று இருந்தது. இப்பொழுது அதன் திண்ணை மாத்திரம் எஞ்சியுள்ளது. தலைவாசல் நிலையின் மேற்சட்டத்தில் 1924 என்று செதுக்கப்பட்டிருக்கிறது. 1987ஆம் ஆண்டு வடமராட்சியில் நடந்த போரில் கிழக்குச் சார்பின் கூரை சிதைந்தது. அப்பொழுது கைக்குக் கிடைத்த தகடுகளைப் போட்டு மூடினோம். அந்தத் தகட்டின்கீழ்ப் பகலில் ஒருவரும் படுத்ததில்லை.

1995ஆம் ஆண்டு ஐப்பசியின் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சிக்குப் போனவர் போக வடமராட்சிக்கு வந்தோரும் பலர். எங்கள் வீட்டில் ஆறு குடும்பங்கள் தங்கின. எனக்கு அப்பொழுது வயது பதினைந்து. முற்றத்தில் ஆறு அடுப்புகள் மூண்டன. மழை வந்தால் ஆறு அடுப்பும் தாழ்வாரத்துக்கு ஏறும். சுவர்களால் அடைத்த இக்காலத்து வீடொன்றில் முப்பது பேர் அவ்வாறு இரண்டு திங்கள் முகங் கோணாமல் இருந்திருக்க முடியுமா என்பது எனக்கு ஐயமே. அந்த முற்றத்தைப் பற்றியே சென்ற ஆண்டு வழக்கு எழுந்தது.

வழக்காடியவர் ரொறன்ரோவில் இருக்கும் என் தமையனார். செலவுக்குப் பணம் தருபவரும் அவரே. அம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. படுக்கையறை தென்மேற்கில், அடுக்களை வடகிழக்கில், குளியலறையோ கிணற்றடியில். மாரியில் ஈரமான முற்றத்தைக் குறுக்கே கடக்கும்போது அம்மா ஒருமுறை வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் வெடிப்புண்டாகி மூன்று கிழமை கட்டோடிருந்தார். அண்ணாவின் கட்டளை தெளிவானது: முற்றத்தைக் கொங்கிரீற்றுத் தட்டால் மூடு, நிலத்துக்கு மாபிள் போடு, யன்னல்களை அலுமினியத்தில் மாற்று. நான் தயங்கியபோது தொலைபேசியில் அவர் கேட்டது இன்னும் காதிலிருக்கிறது.

“அம்மா விழுந்து இடுப்பை முறிச்சால், உன்ரை நாற்சார் வந்து தூக்குமோ?”

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. பழமையைப் போற்றுதல் நன்று. ஆனால் அதனைப் போற்றுகின்றவன் யாழ்ப்பாண நகரில் குழாய்நீர் வீட்டில் இருந்துகொண்டு, முதிய தாயை மழையில் நனையவிடுதல் நன்றன்று.

என் தயக்கத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. 2010ஆம் ஆண்டில் ஒரு முறை அவ்வீட்டைத் திருத்தியிருந்தோம். ஒப்பந்தகாரர் ஒருவர் வந்து, பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு, சுவர் முழுவதும் கனத்த சீமெந்துப் பூச்சுப் பூசி, வெள்ளை வர்ணமும் அடித்துக் கொடுத்தார். பார்த்தவரெல்லாம் புது வீடு என்றனர். மூன்று மாரி கழியுமுன் சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்குப் பூச்சு உப்பி, பொருக்கு வெடித்து, வெண்ணிற உப்புத் தூளாய் உதிரத் தொடங்கியது. மீண்டும் பூசினோம், மீண்டும் உதிர்ந்தது.

இதன் காரணத்தை எனக்கு விளக்கியவர், நான் ஓடாவியாரைத் தேடிப் போனபோது அவரோடு கூடவந்த முதிய மேசன். அவர் சொன்னதைப் பின்னர் நூல்களிலும் ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றும் பிழையில்லை. எங்கள் சுவர் முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியது. அக்கல் நிலத்தின் ஈரத்தை மேலே இழுக்கும். அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் மிகுதி. ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். உப்புச் சேர்ந்தாலும் பூச்சுத்தான் சிறிது சிறிதாகத் தேயும், கல்லுக்குக் கேடில்லை. ஐந்தாறு ஆண்டுக்கொரு முறை வெள்ளையடித்தால் போதும். சீமெந்தோ இறுகிய பொருள். ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். அடைபட்ட ஈரம் உலரும் இடத்தில் உப்புப் பளிங்காகி, பளிங்கு பருத்துப் பூச்சையும் கல்லின் முகத்தையும் சேர்த்தே பெயர்த்துத் தள்ளும். சீமெந்தைக் குறை கூறுவதற்கில்லை. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தி தொடங்கி, 1990இல் போரினால் நின்றுபோகும் வரை வடபகுதிக்கு அது அண்டைப் பொருளாகவே இருந்தது. அதனாற் கட்டிய நல்ல வீடுகளும் பாடசாலைகளும் எத்தனையோ உள. பழைய சுவருக்கு அது உடுப்பாகாது, அவ்வளவே.

“மாஸ்டர், சுவருக்கு மூச்சு முட்டுது. முதல்லை உடுப்பைக் கழட்டுங்கோ” என்றார் மேசன்.

கழற்றினோம். சித்திரையில் சீமெந்துப் பூச்சை உடைத்தெடுத்துவிட்டு, சுவரைச் சோளகக் காற்றுக்கு வெறுமேனியாக விட்டோம். வைகாசி, ஆனி, ஆடி மூன்று மாதமும் கல்லைத் தூரிகையால் துடைத்து உப்பைத் தட்டுவதைத் தவிர வேறு வேலையில்லை. அண்ணாவுக்கு இது பெரும் எரிச்சலை உண்டாக்கியது. காணொளி அழைப்பில் சுவரைக் காட்டச் சொல்வார். சென்ற மாதம் இருந்தபடியே இருக்கும். “என்னடா, வேலை நடக்குதோ?” என்பார். காற்று வேலை செய்கிறது என்று நான் சொன்னால் நம்புவாரா?

அவ்விடைவெளியில் ஒரு நாள் ஓடாவியார் என்னைப் பருத்தித்துறைப் பட்டினத்துத் தெருமூடி மடத்துக்கு அழைத்துச் சென்றார். தும்பளைப் பக்கம் செல்லும் தெருவை மூடியபடி நிற்பதனால் அதற்கு அப்பெயர். தெருவின் இருமருங்கும் உயர்ந்த கற்றிண்ணைகள், அவற்றின்மேல் பொழிந்த கற்றூண்கள், தூண்களின்மேல் கூரை. வண்டியும் ஆளும் அதன் ஊடாகவே போகவேண்டும். வெயிலில் வந்தவன் சுமையை இறக்கி இளைப்பாறுவதற்கென ஒரு தெருவுக்கே கூரை போட்ட ஊர் எங்கள் ஊர். சிறுவனாகச் சைக்கிளில் நூறு முறை அதனூடே போயிருக்கிறேன். தூணை ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. ஓடாவியார் தொட்டுக் காட்டினார். கல்லோடு கல் பொருந்தும் இடத்தில் விரல்நகம் புகவில்லை.

“இதைச் செய்தவன் அவசரப்படேல்லை. அவசரப்பட்டவன் செய்ததெல்லாம் நாங்கள் இப்ப திருத்திறம்” என்று சொல்லிவிட்டு, எதிர்த் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார்.

அன்று அந்தத் திண்ணையிலேதான் முற்றத்தின் வழக்கும் தீர்ந்தது. முற்றத்தை மூடினால் என்னாகும் என்று நான் கேட்டேன். அவர் விரலால் தூசியிற் கோடிழுத்துக் காட்டினார். முற்றத்துக் காற்று வெயிலிற் சூடேறி மேலே போகும். அதன் இடத்தை நிரப்ப, அறைகளின் யன்னல் வழியே வெளிக்காற்று உள்ளே வரும். வாயை மூடினால் நான்கு சார்பும் அடுப்பாகும். மேலும் நாற்புறக் கூரைநீரும் முற்றத்தில் இறங்கி, மதகு வழியாகக் கிணற்றடி வாழைக்குப் போகிறது. ஆறில்லாத குடாநாட்டில் மழைநீர் மண்ணிற் புகுந்தாலன்றிக் கிணற்றில் நன்னீர் ஏது? எல்லாவற்றினும் மேலாக, அந்தப் பழைய சுவர் கொங்கிரீற்றுத் தட்டின் பாரத்தைத் தாங்காது. தட்டுக்கென்று தூண் எழுப்பினால் விறாந்தை போய்விடும்.

“அம்மா நனையக்கூடாது, அதுதானே கதை? முற்றத்தை ஏன் மூடுறியள்? தாழ்வாரத்தை நீட்டுங்கோ” என்றார்.

எத்துணை எளிது! தெற்கு, கிழக்கு ஆகிய இரு சார்புகளின் தாழ்வாரத்தை நான்கடி நீட்டி, அதன் கீழே முற்றத்தினும் ஒரு சாண் உயர்த்திக் கரடுமுரடான தரை போட்டு, சுவரோரம் கைபிடி மரம் ஓடவிட்டால், அம்மா படுக்கையறையிலிருந்து அடுக்களைக்கு ஒரு துளி நனையாமல் போகலாம். படுக்கையறையை ஒட்டிய பழைய நெல்லறையைக் குளியலறையாக்கலாம். இதனை வரைந்து அண்ணாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் மறுமொழி இல்லை. மூன்றாம் நாள், “கைபிடி இரண்டு பக்கமும் போடு” என்று ஒரு வரி வந்தது.

மர வேலையைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். கூரையின் கைமரங்கள் யாவும் முதிர்ந்த பனை. பனையின் நடுப்பகுதி சோறு. வெளிவட்டத்துக் கறுத்த வைரமே மரம். நூறாண்டு சென்ற கைமரத்தில் ஓடாவியார் உளியை வைத்தபோது இரும்பில் வைத்தாற்போல ஒலித்தது. அழுகியவை, தகட்டுக் கூரை ஒழுகிய கிழக்குச் சார்பில் இருந்த பதினொன்று மாத்திரம். புதுப் பனை தறிப்பதற்கு அனுமதி வேண்டும். முதிர்ந்த மரமும் அரிது. ஆகையால் ஊரில் இடிந்து கிடந்த ஒரு மாலின் மரத்தை விலைக்கு வாங்கினோம். கல்லும் அவ்வாறே. கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வது 1988ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தடுக்கப்பட்டது. கடலைக் காக்க அது வேண்டியதே. ஆகவே விழுந்த சுவரின் கல்லே நிற்கின்ற சுவருக்குத் துணை.

தேக்குத் தீராந்தி ஒன்று சுவருக்குள் புகுந்த முனையில் மாத்திரம் உக்கியிருந்தது. நான் புதிதாக ஒன்று வாங்கலாம் என்றேன். ஓடாவியார் என்னைக் கோபத்தோடு பார்த்தார். உக்கிய இரண்டடியைச் சாய்வாக அறுத்தெடுத்து, பழைய கதவு நிலையொன்றின் தேக்கை அதே சாய்வுக்குச் சீவி, துளையும் கழுந்துமாகப் பொருத்தி, மர ஆணி அறைந்தார். இரண்டு நாள் வேலை. மூட்டு எங்கேயென்று இப்போது நான் தேடித்தான் காணவேண்டும்.

தகட்டை இறக்கிவிட்டு ஓடு ஏற்றினோம். பழைய ஓடுகளைக் கழுவியபோது, அடிப்புறத்தில் மலையாளக் கரைத் தொழிற்சாலைகளின் முத்திரைகள் தெரிந்தன. பாசல் மிஷனார் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிலைத் தொடங்கியபின், அவ்வகை ஓடு கப்பலேறி எங்கள் துறைகளுக்கும் வந்தது. மாணவர் சிலரை ஒருநாள் அழைத்துச் சென்று அவற்றைக் காட்டினேன். பாடநூலில் அவர்கள் கண்ட கடல் வாணிபம் கையிலே பாரமாக இருந்தது. ஒருவன் இரண்டைத் தவறவிட்டு உடைத்தும் விட்டான்.

ஆவணியில் மேசன் பூச்சு வேலைக்கு இறங்கினார். குழியில் நீற்றிப் பல கிழமை ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, அரித்த மணல் மூன்று பங்கு, சிறிது பனங்கட்டிக் கரைசல். மெல்லிய பூச்சாய் ஒன்றன்மேல் ஒன்று. ஒவ்வொன்றும் இறுகக் காத்திருத்தல். வெயிலில் வெடிக்காமலிருக்க ஈரச்சாக்குத் தொங்கவிடுதல். காற்றிலுள்ள கரியமிலவாயுவை உண்டு சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. அதற்கு அதன் காலம் வேண்டும். கூலி சீமெந்துப் பூச்சைவிட ஏறக்குறைய இரு மடங்காயிற்று. இதனை மறைத்தல் தகாது. வசதியற்ற குடும்பம் ஒன்றுக்கு இவ்வழியைச் சொல்ல எனக்கே நா எழாது.

முற்றத்தைக் காக்கும் பித்து எங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஈனா த சில்வா அம்மையாருக்கென நடுமுற்றத்தோடு கட்டிய வீட்டை, 2009ஆம் ஆண்டளவில் கல்லுக்குக் கல் எண்ணிட்டுப் பிரித்து, லுணுகங்காவில் மீண்டும் எழுப்பியிருக்கின்றார்கள். இச்செய்தியைச் சொன்னபோது ஓடாவியார், எண் எழுதியவன் பிழைவிடாமல் எழுதினானா என்று மாத்திரம் கேட்டார். அவருடைய மகன் கட்டாரில் பாரந்தூக்கி இயக்குகிறான். உளிப்பெட்டியை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்க நான் துணியவில்லை.

ஐப்பசி நடுவில் முதல் மழை பிடித்தது. அன்று நான் புலோலியில் நின்றேன். நாற்புறக் கூரையிலிருந்தும் நீர் முற்றத்தில் விழுந்து மதகை நோக்கி ஓடிற்று. அம்மா கைபிடியைத் தொட்டும் தொடாமலும் அடுக்களைக்குப் போய், இரண்டு பேணித் தேநீரோடு திரும்பினார். அப்போது அண்ணா அழைத்தார். புது நாற்றம் மாறாத சுவரைக் காட்டினேன். கிழக்குச் சார்பைக் காட்டினேன்.

“எங்கையாவது ஒழுகுதோ?”

ஒழுகிற்று. அடுக்களை மூலையில் ஓர் ஓடு விலகியிருந்தது. சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

“சரி, போனை முற்றத்துக்குப் பிடி. கொஞ்ச நேரம் அப்பிடியே பிடி” என்றார்.

கை நோகும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாட் காலை ஓடாவியார் ஏணியோடு வந்தார்.